பெனால்டி கிடைத்தது, அந்த டிஃபெண்டர் பையன் அழுதான்

கேள்வி:

என் மகனுக்கு 14 வயது. 15 வயதுக்கு உட்பட்டோர் அணியில் ஸ்ட்ரைக்கராக ஆடுகிறான். போன மாதம் ஒரு கோப்பைப் போட்டியின் அரையிறுதி. 0-0, முடிய ஐந்தாறு நிமிடம்தான் பாக்கி. பந்தோடு பெனால்டி பாக்ஸுக்குள் நுழைந்தவன் சட்டென்று விழுந்தான். நடுவர் விசில் அடித்துப் பெனால்டி கொடுத்தார். எதிரணி டிஃபெண்டர் ஏற்கெனவே ஒரு மஞ்சள் அட்டை வாங்கியிருந்தான். இது இரண்டாவது, அதனால் சிவப்பு. என் மகனே அடித்தான், கோல். நான் துள்ளிக் குதித்தேன். ஆனால் நான் நின்ற பக்கத்திலிருந்து நன்றாகவே தெரிந்தது, அவனை யாரும் தொடவில்லை. அந்த டிஃபெண்டர் பையன் வெளியே போய்த் தரையில் உட்கார்ந்து அழுதான்.

வீட்டுக்கு வந்து கேட்டேன். "ஆமாப்பா, நானாத்தான் விழுந்தேன். எல்லாரும் செய்றதுதானே? மாரடோனா கையால கோல் போட்டார், அவரைக் கடவுள்னு கொண்டாடுறாங்க. சுவாரெஸ் கையால தடுத்து நாட்டையே காப்பாத்தினார். கோச்சே என்னைத் தட்டிக்கொடுத்து 'கெட்டிக்காரன்டா'ன்னார்" என்றான். எனக்குப் பதில் வரவில்லை. அன்று ராத்திரி தூக்கமும் வரவில்லை. நேர்மையாக ஆடு என்று சொன்னால் அவன் பின்தங்கிவிடுவானோ என்ற பயமும் இருக்கிறது. அவனிடம் என்ன சொல்வது?

பதில்:

அன்புள்ள நண்பருக்கு,

நீங்கள் குதித்ததை நினைத்து ரொம்பவும் குமைய வேண்டாம். மகனுக்குப் பெனால்டி கிடைத்தால் எந்த அப்பாவும் குதிப்பார். அப்புறம் தூக்கம் வரவில்லை என்று எழுதியிருக்கிறீர்களே, அதுதான் எனக்கு முக்கியமாகப் பட்டது. உங்கள் மகன் ஒளிக்காமல் "நானாத்தான் விழுந்தேன்" என்று உங்களிடம் சொன்னதும் அதே அளவுக்கு முக்கியம். நடுவரிடம் பொய் சொன்ன பையன் அப்பாவிடம் உண்மையைச் சொல்லியிருக்கிறான். பேசுவதற்கு இடம் இருக்கிறது.

நான் பதினெட்டு வருடம் நடுவராக இருந்தவன். இப்போது இளம் நடுவர்களுக்கும் பயிற்சியாளர்களுக்கும் வகுப்பு எடுக்கிறேன். அந்த அனுபவத்தில் ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். யாரும் தொடவில்லை என்பதாலேயே அது டைவ், அதாவது ஃபவுல் வாங்க நடித்து விழுவது, ஆகிவிடாது. கால்பந்து விதிகளின்படி காலை இடற முயன்றாலே ஃபவுல்தான், கால் பட வேண்டும் என்று இல்லை. முரட்டுத்தனமாக வழுக்கிக்கொண்டு வருகிற காலிலிருந்து தப்பிக்கத் துள்ளுகிற பையன் நிலை தடுமாறி விழலாம். அது நடிப்பு இல்லை. அதனால் இன்னொரு முறை பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள்: கால் வருகிறது என்று பயந்து துள்ளினாயா, பெனால்டி வேண்டும் என்று விழுந்தாயா? இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் அவனுக்குத் தெரியும்.

நடுவர்களுக்கு நாங்கள் இதைப் படம் போட்டுக் காட்டிச் சொல்லிக்கொடுப்போம். உண்மையாகவே கால் தட்டி விழுகிறவனுடைய கைகள் தரையைத் தேடும். முகம் அடிபடக் கூடாது என்று உடம்பே பார்த்துக்கொள்ளும், யோசிக்க நேரமே இருக்காது. நடிக்கிறவனுக்கு நேரம் இருக்கிறது. மார்பு முன்னே வளையும், தலை பின்னால் போகும், இரண்டு கைகளும் ஒன்றாக மேலே எழும்பும், இரண்டு முழங்கால்களும் ஒரே சமயத்தில் மடங்கும். வில்லை வளைத்த மாதிரி ஒரு உருவம். தரையில் விழுவதற்கு முன்பே கண் நடுவரைத் தேடும். சிலர் தன் காலையே டிஃபெண்டர் பக்கம் இழுத்துக்கொண்டு போய் உரசவிடுவார்கள். ஓட்டத்தின் நடுவே, பக்கவாட்டிலிருந்து, அரை விநாடியில் இதைப் பார்த்துப் பிரிக்க வேண்டும். எத்தனையோ முறை நான் தோற்றிருக்கிறேன்.

சரி, உங்கள் மகன் சொன்ன உதாரணங்களுக்கு வருவோம். இரண்டையும் அவன் ஒரே மூட்டையில் கட்டிவிட்டான். அவற்றைப் பிரித்துப் பார்த்தாலே அவனுக்குச் சொல்ல வேண்டிய பாதி விஷயம் வந்துவிடும்.

மாரடோனாவை அவன் சொன்னது எனக்குச் சந்தோஷம்தான். ஏனென்றால் இந்த விஷயத்துக்கு அந்த ஒரு ஆட்டமே போதும். 1986 ஜூன் 22, மெக்சிகோ சிட்டியின் அஸ்டெகா மைதானம், மாரடோனாவின் அர்ஜென்டினாவும் இங்கிலாந்தும் மோதிய உலகக் கோப்பைக் காலிறுதி. 51-வது நிமிடத்தில் மேலே எழும்பிய பந்துக்கு இங்கிலாந்து கோல்கீப்பர் பீட்டர் ஷில்டனும் மாரடோனாவும் குதிக்கிறார்கள். மாரடோனாவின் உயரம் 165 செ.மீ. தலைக்குப் பக்கத்திலேயே இடது கையை வைத்துப் பந்தைத் தட்டிவிட்டார். துனிசியாவைச் சேர்ந்த நடுவர் அலி பென்னாசூர் பார்க்கவில்லை. பல்கேரியாவைச் சேர்ந்த லைன்ஸ்மேன் பொக்டான் டோச்செவ் கொடியைத் தூக்கவில்லை. கோல்.

நான்கு நிமிடம் கழித்து அதே மாரடோனா தன் பாதி மைதானத்தில் பந்தை வாங்கினார். சுமார் பத்து விநாடி. இங்கிலாந்து ஆட்கள் ஒவ்வொருவராக வருகிறார்கள், இவர் இந்தப் பக்கம் போகிற மாதிரி காட்டி அந்தப் பக்கம் போகிறார். கடைசியில் ஷில்டனையும் படுக்க வைத்துவிட்டுப் பந்தை வலைக்குள் தள்ளினார். உலகக் கோப்பையில் இதைவிட அழகான கோல் இல்லை என்று இன்றைக்கும் பலர் சொல்கிறார்கள். நானும் அந்தக் கட்சிதான்.

உங்கள் மகனிடம் இந்த இரண்டு கோல்களையும் அடுத்தடுத்துப் போட்டுக் காட்டுங்கள். பிறகு கேளுங்கள்: இரண்டிலுமே மாரடோனா ஏமாற்றினார் அல்லவா? ஆமாம், இரண்டிலுமே ஏமாற்றினார். பந்தைக் காலோடு வைத்துக்கொண்டு எதிராளியைக் கடந்து போகிற டிரிபிளிங் என்பதே அவனை ஏமாற்றுவதுதான். இடுப்பை ஒரு பக்கம் அசைத்து மறுபக்கம் போவது, ஷாட் அடிப்பது போல் காலை ஓங்கி பாஸ் கொடுப்பது, பெனால்டியில் கோல்கீப்பரை ஒரு பக்கம் பாய வைத்து மறுபக்கம் உருட்டிவிடுவது, எல்லாமே தந்திரம். அதற்குத்தான் நாம் கைதட்டுகிறோம். அந்த டிஃபெண்டரும் தன்னை ஏமாற்றப் பார்ப்பார்கள் என்று தெரிந்துதான் நிற்கிறான். தடுக்க அவனுக்கு வாய்ப்பு இருக்கிறது, அவனும் பதிலுக்குத் தந்திரம் செய்யலாம். முதல் கோலில் ஏமாந்தது யார்? நடுவர். அவர் ஆடவே இல்லை. இரண்டு பக்கமும் தங்களுக்குள் தீர்த்துக்கொள்ள முடியாததைத் தீர்த்துவைக்க வந்தவர். அவரை ஏமாற்றினால் எதிராளிக்குத் தடுக்க வழியே கிடையாது. எவ்வளவு நன்றாக ஆடினாலும் அவன் தோற்கத்தான் வேண்டும். எதிராளியை ஏமாற்றினால் ஆட்டம், நடுவரை ஏமாற்றினால் போங்கு. உங்கள் மகன் கெட்டிக்காரன் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அந்தக் கெட்டிக்காரத்தனத்தை எந்தப் பக்கம் திருப்புகிறான் என்பதுதான் கேள்வி.

இன்னொன்றையும் சொல்லுங்கள். மாரடோனாவை உலகம் கொண்டாடுவது அந்தக் கைக்காக இல்லை. இரண்டாவது கோல் இல்லாமல், அந்தக் கால்கள் இல்லாமல், முதல் கோல் மட்டும் இருந்திருந்தால் அவர் பெயரை இன்று எப்படிச் சொல்லிக்கொண்டிருப்பார்கள் என்று அவனே யோசித்துப் பார்க்கட்டும்.

சுவாரெஸ் கதை வேறு. 2010 ஜூலை 2, ஜோகன்னஸ்பர்க், அவருடைய உருகுவேயும் கானாவும் மோதிய உலகக் கோப்பைக் காலிறுதி. 1-1. கூடுதல் நேரத்தின் கடைசி விநாடிகள். கானாவின் அடியியா தலையால் முட்டிய பந்து கோலுக்குள் போகிறது. கோட்டிலேயே நின்ற சுவாரெஸ் இரண்டு கைகளாலும் அதைத் தடுத்தார். நடுவர் பார்த்தார். சிவப்பு அட்டை, பெனால்டி. அசமோவா கியான் அடித்த பெனால்டி மேல் கம்பத்தில் பட்டுப் பறந்தது. பிறகு பெனால்டி ஷூட்அவுட்டில் உருகுவே 4-2 என்று ஜெயித்தது. அரையிறுதியில் சுவாரெஸ் ஆட முடியவில்லை, நெதர்லாந்திடம் உருகுவே 3-2 என்று தோற்றது.

அவர் விதியை மீறினார், வேண்டுமென்றே மீறினார். ஆனால் யாரையும் ஏமாற்றவில்லை. எல்லார் கண் முன்னாலும் செய்தார், விதி என்ன தண்டனை வைத்திருந்ததோ அதை வாங்கிக்கொண்டு வெளியே போனார். எனக்கு அது பிடிக்கவில்லைதான். கானா ஜெயித்திருந்தால் உலகக் கோப்பை அரையிறுதிக்குப் போன முதல் ஆப்பிரிக்க நாடாக இருந்திருக்கும். அந்த இடத்துக்கு 2022-ல் மொராக்கோ வரும்வரை ஆப்பிரிக்கா காத்திருக்க வேண்டியிருந்தது. கியானின் பெனால்டி வெளியே போனதும் சுவாரெஸ் துள்ளிக் கொண்டாடியது கானாக்காரர்களுக்கு இன்றும் ஆறாத புண். கோலுக்குள் போகிற பந்தைக் கையால் தடுத்தால் நேரடியாக கோல் என்றே கொடுத்துவிடலாம் என்று வாதாடுகிறவர்கள் இருக்கிறார்கள், எனக்கும் அதில் ஒரு சாய்வு உண்டு. ஆனால் அது விதியின் போதாமையைப் பற்றிய சண்டை. உங்கள் மகன் செய்தது அந்த வகை இல்லை. சுவாரெஸ் தன் தப்புக்குத் தானே சிவப்பு அட்டை வாங்கினார். உங்கள் மகனுடைய தப்புக்கு அட்டை வாங்கியது வேறொரு பையன்.

இங்கேதான் நான் கொஞ்சம் நின்று பேச விரும்புகிறேன்.

நடுவராக இருந்த ஐந்தாவது வருடமோ ஆறாவது வருடமோ, பள்ளிப் பிள்ளைகளின் ஆட்டம் ஒன்றில் நான் ஒரு பெனால்டி கொடுத்தேன். நான் நின்ற கோணத்தில் கால் தட்டியது போலத்தான் இருந்தது. டிஃபெண்டர் ஒல்லியான பையன், முழங்காலில் அழுக்குத் துணிக் கட்டு. அவன் கத்தவில்லை, கையை ஆட்டி வாதாடவும் இல்லை. ஆட்டம் முடிந்து நான் ஷூ கழற்றிக்கொண்டிருக்கும்போது வந்து நின்றான். "சார், நான் தொடவே இல்ல சார்" என்றான். அவ்வளவுதான். பதில்கூட எதிர்பார்க்காமல் போய்விட்டான். அன்று சாயங்காலம் ஒருவர் எடுத்த வீடியோவைப் பார்த்தேன். அவன் சொன்னது சரி. இரண்டு சாண் இடைவெளி. நான் கொடுத்த தீர்ப்பால் அந்த ஒல்லிப் பையனை அவன் அணிக்காரர்களே திட்டியிருப்பார்கள். அவன் வீட்டிலும் "ஏன்டா அப்படிப் பண்ணினே?" என்று கேட்டிருப்பார்கள். செய்யாத தப்புக்கு அவன் எத்தனை பேரிடம் விளக்கம் சொல்லியிருப்பான், எத்தனை பேர் நம்பியிருப்பார்கள் என்று நான் இன்னமும் நினைப்பது உண்டு. விழுந்த பையன் என்னையே ஆயுதமாக எடுத்து அவனை அடித்தான். அடி விழுந்தது என் கையால்.

பெரிய ஆட்டங்களிலும் இதே கதைதான். 1998 உலகக் கோப்பை அரையிறுதி, பிரான்ஸ் - குரோவேஷியா. ஃப்ரீகிக்கின்போது நடந்த தள்ளுமுள்ளில் பிரெஞ்சு டிஃபெண்டர் லோரான் பிளாங்க் கையால் குரோவேஷியாவின் ஸ்லாவென் பிலிச்சின் முகவாய்ப் பக்கம் தள்ளினார். அது உண்மை. ஆனால் பிலிச் நெற்றியைப் பிடித்துக்கொண்டு கீழே விழுந்தார். பிளாங்குக்குச் சிவப்பு அட்டை. நான்கு நாள் கழித்துத் தன் சொந்த நாட்டில் நடந்த உலகக் கோப்பை இறுதி ஆட்டத்தை அவர் வெளியிலிருந்துதான் பார்த்தார். ஒரு வீரனின் வாழ்க்கையில் அந்த நாள் இன்னொரு முறை வராது. பிலிச்சே பிற்பாடு அதற்காக வருந்திப் பேசியிருக்கிறார். வருத்தத்தால் அந்த இறுதி ஆட்டத்தைத் திருப்பிக் கொடுக்க முடியவில்லை.

2009 நவம்பர் 18-ல் பாரிஸுக்குப் பக்கத்தில் நடந்ததையும் உங்கள் மகனுக்குச் சொல்லலாம். 2010 உலகக் கோப்பைக்குப் போவது பிரான்ஸா அயர்லாந்தா என்று முடிவு செய்கிற ஆட்டம். கூடுதல் நேரத்தில் வெளியே போக இருந்த பந்தை பிரான்ஸின் தியரி ஆன்றி இடது கையால் இரண்டு முறை தட்டி நிறுத்தி, வில்லியம் கல்லாஸுக்குக் கொடுத்தார், அவர் கோல் போட்டார். அயர்லாந்து வெளியே. ஆட்டம் முடிந்ததும் ஆன்றி, அயர்லாந்தின் ரிச்சர்ட் டன் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, கை பட்டது என்று ஒப்புக்கொண்டார். கேட்ட பத்திரிகையாளர்களிடமும் மறைக்கவில்லை. கை பட்டது உண்மைதான், ஆனால் நடுவர் நான் இல்லையே என்றார். பிறகு, ஆட்டத்தைத் திரும்ப ஆடுவதுதான் நியாயம் என்றும் சொன்னார். உலகக் கால்பந்துச் சங்கமான ஃபிஃபா ஒத்துக்கொள்ளவில்லை. பின்னாளில் அயர்லாந்துக் கால்பந்துச் சங்கத்துக்கு ஃபிஃபா 50 லட்சம் யூரோ கொடுத்தது 2015-ல் வெளியே வந்தது.

"நடுவர் நான் இல்லையே." இந்த வாக்கியத்தை உங்கள் மகனும் ஒரு நாள் சொல்வான், அல்லது அவன் கோச் சொல்லிக்கொடுப்பார். ஆன்றி அன்று உண்மையைச் சொன்னது ஆட்டம் முடிந்து. அதே உண்மையைக் கொஞ்ச நேரம் முன்னால் சொல்லியிருந்தால் அது ஒரு நாட்டுக்கு உதவியிருக்கும். ஆட்டம் மறுபடி தொடங்காத வரைக்கும் நடுவர் தன் தீர்ப்பை மாற்றிக்கொள்ளலாம், விதியே அதற்கு இடம் கொடுக்கிறது. பெனால்டி என்றால் விசில் அடித்ததிலிருந்து பந்தைப் புள்ளியில் வைத்து உதைக்கும் வரை. சின்ன இடைவெளிதான். ஆனால் ஒரு பையன் நடுவரிடம் நடந்துபோய் "சார், அவன் தொடல" என்று சொல்ல அது தாராளமாகப் போதும்.

அப்படிச் சொல்கிறவர்கள் இருக்கிறார்களா என்று அவன் கேட்பான். இருக்கிறார்கள். மிரோஸ்லாவ் க்ளோஸே பெயரைச் சொல்லுங்கள். உங்கள் மகனைப் போலவே ஸ்ட்ரைக்கர், ஜெர்மனிக்காக நான்கு உலகக் கோப்பைகளில் 16 கோல் அடித்தவர். 2012-ல் இத்தாலியில் லாட்சியோ கிளப்புக்காக நாப்போலிக்கு எதிராக ஆடியபோது அவர் போட்ட கோலை நடுவர் கொடுத்துவிட்டார். க்ளோஸே போய், பந்து என் கையில் பட்டது என்று சொன்னார். கோல் ரத்து. அந்த ஆட்டத்தில் லாட்சியோ 3-0 என்று தோற்றது, அதையும் மறைக்காமல் சொல்லுங்கள். தோல்விதான் கிடைத்தது. ஆனால் நாப்போலி வீரர்கள் வந்து அவர் கையைக் குலுக்கினார்கள்.

நாட்டு அணிகளின் ஆட்டத்திலும் ஒன்று உண்டு. 2003 பிப்ரவரியில் ஹாங்காங்கில் நடந்த கார்ல்ஸ்பெர்க் கோப்பை, டென்மார்க் - ஈரான். பார்வையாளர் பக்கத்திலிருந்து யாரோ விசில் அடித்தார்கள். இடைவேளை விட்டாயிற்று என்று நினைத்த ஈரான் டிஃபெண்டர் தன் பெனால்டி பாக்ஸிலேயே பந்தைக் கையில் எடுத்துவிட்டார். விதிப்படி பெனால்டி, நடுவருக்கு வேறு வழி இல்லை. டென்மார்க்கின் மார்டன் வீகோர்ஸ்ட் பயிற்சியாளர் மார்டன் ஓல்சனோடு பேசிவிட்டு வந்து, பந்தை வேண்டுமென்றே வெளியே உருட்டிவிட்டார். டென்மார்க் 1-0 என்று தோற்றது. அது உலகக் கோப்பை இல்லை, தோற்றால் தலை போகிற போட்டியும் இல்லை, அதனால் சுலபம் என்று சொல்லலாம். ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அந்த முடிவைப் பயிற்சியாளரும் வீரரும் சேர்ந்து எடுத்தார்கள் பாருங்கள், அதற்காகத்தான் இதைச் சொன்னேன்.

ஏனென்றால் உங்கள் கடிதத்தில் என்னை மிகவும் உறுத்தியது அந்த கோச் சொன்ன "கெட்டிக்காரன்டா" தான். உங்கள் மகனுக்கு 14 வயது. அவன் விழுந்தது ஒரு நொடி. அந்த நொடியில் நடந்ததற்குப் பெயர் வைத்தது பெரியவர்கள். கோச் தட்டிக்கொடுத்தார், நீங்கள் குதித்தீர்கள், அணி கட்டிப்பிடித்தது. அவனைத் தவிர மற்ற எல்லாரும் சேர்ந்து அதைச் சாமர்த்தியம் ஆக்கிவிட்டோம்.

பெரியவர்கள் கணக்குப் போட்டால் விலை கொடுப்பது பெரும்பாலும் ஆடுகிறவன்தான். 1998-ல் தென்கிழக்கு ஆசியாவின் டைகர் கோப்பையில் தாய்லாந்தும் இந்தோனேஷியாவும் மோதின. இரண்டுமே அரையிறுதிக்கு வந்தாயிற்று. ஜெயிக்கிறவர் போட்டியை நடத்துகிற வியட்நாமோடு மோத வேண்டும், தோற்கிறவருக்கு சிங்கப்பூர். இரண்டு பக்கமும் தோற்கப் பார்த்தன. கடைசியில் இந்தோனேஷியாவின் முர்சித் எஃபெண்டி, தன்னைத் தடுக்க வந்த எதிரணிக்காரர்களையும் மீறித் தன் வலையிலேயே சேம் சைடு கோல் போட்டார். சங்கங்களுக்கு ஆளுக்கு 40,000 டாலர் அபராதம். எஃபெண்டிக்கு சர்வதேச ஆட்டங்களிலிருந்து ஆயுள் தடை. அந்தக் கணக்குக்குப் பலனும் இல்லை, அரையிறுதியில் இரண்டு அணிகளும் தோற்றன.

1989-ல் சிலி கோல்கீப்பர் ரொபெர்ட்டோ ரோஹாஸ் செய்ததை நான் வகுப்பில் எப்போதும் சொல்வேன். பிரேசிலின் மரக்கானா மைதானத்தில் உலகக் கோப்பைத் தகுதி ஆட்டம். சிலி 1-0 என்று பின்தங்கியிருந்தது. கூட்டத்திலிருந்து தீயும் புகையும் கக்குகிற ஒரு வாணம் வந்து அவர் பக்கத்தில் விழுந்தது. ரோஹாஸ் புகைக்குள் சுருண்டு விழுந்தார், முகமெல்லாம் ரத்தம். சிலி வீரர்கள் அவரைத் தூக்கிக்கொண்டு மைதானத்தை விட்டே வெளியேறினார்கள். படங்களைப் பார்த்தபோதுதான் தெரிந்தது, வாணம் அவர் மேல் படவே இல்லை. கையுறைக்குள் பிளேடை ஒளித்து வைத்திருந்து தன் நெற்றியைத் தானே கீறிக்கொண்டிருந்தார். ஆட்டம் பிரேசிலுக்கு 2-0 என்று எழுதப்பட்டது, சிலி 1994 உலகக் கோப்பைக்கும் தடை செய்யப்பட்டது, ரோஹாஸுக்கு ஆயுள் தடை. அந்தத் தடையை 2001-ல்தான் நீக்கினார்கள். அவரோடு ஆடிய, ஒரு தப்பும் செய்யாத இளம் வீரர்களுக்கும் ஒரு உலகக் கோப்பை போய்விட்டது. பிளேடு ஒரே நாளில் கையுறைக்குள் வந்திருக்காது என்றுதான் நான் நினைக்கிறேன். சின்ன நடிப்புகள் பலித்துப் பலித்துத்தான் ஒருவருக்கு அந்தத் துணிச்சல் வந்திருக்க வேண்டும்.

இதையெல்லாம் படித்துவிட்டு, ஏமாற்றினால் கடைசியில் தோற்பாய் என்று மட்டும் அவனிடம் சொல்லிவிடாதீர்கள். அது உண்மை இல்லை, அவன் ஒரே நிமிடத்தில் கண்டுபிடித்துவிடுவான். 2002 உலகக் கோப்பையில் துருக்கிக்கு எதிராக பிரேசிலின் ரிவால்டோ என்ன செய்தார்? ஹக்கான் உன்சால் உதைத்த பந்து காலில் பட, முகத்தைப் பொத்திக்கொண்டு விழுந்தார். உன்சாலுக்கு இரண்டாவது மஞ்சள் அட்டை, வெளியே போனார். ரிவால்டோவுக்கு 11,500 சுவிஸ் ஃபிராங்க் அபராதம், அவ்வளவுதான். அந்த மாதக் கடைசியில் அவர் கையில் உலகக் கோப்பை இருந்தது. போங்கு ஆட்டம் சில சமயம் ஜெயிக்கும். தோற்றுவிடுவாய் என்று பயமுறுத்தி நேர்மையைச் சொல்லிக்கொடுத்தால், ஜெயிக்கிற அன்றைக்கு அந்தப் பாடம் செல்லாது. அந்த டிஃபெண்டர் பையனின் முகத்தைக் காட்டிச் சொல்லுங்கள், அது எந்த ஸ்கோரிலும் மாறாது.

பின்தங்கிப் போவானா என்ற உங்கள் பயத்துக்கும் நேரான பதில் சொல்ல வேண்டும். கொஞ்சம் இழப்பான். அதில் எங்கள் பக்கத் தப்பும் இருக்கிறது. சட்டையைப் பிடித்து இழுத்தாலும் விழாமல் ஓடுகிற ஸ்ட்ரைக்கருக்கு நடுவர்கள் பெரும்பாலும் ஃபவுல் கொடுப்பதில்லை. விழுந்தால்தான் விசில். விழுவதற்குப் பரிசு வைத்தது நாங்கள்தான் என்று என் மாணவர்களிடம் திரும்பத் திரும்பச் சொல்கிறேன். நிஜமாகவே ஃபவுல் நடந்து, கால் தடுமாறுகிறது என்றால் விழட்டும், எழுந்து நின்றே ஆக வேண்டும் என்று நான் சொல்லவில்லை. இல்லாத ஃபவுலை உண்டாக்க வேண்டாம், அவ்வளவுதான்.

ஆட்டக் கணக்கிலும் ஒன்று சொல்கிறேன், இது கோச்சுக்கும் புரியும். டைவ் அடிக்கிற பையன் என்று ஒரு பெயர் வந்துவிட்டால் நடுவர்களுக்கு இடையே அது பரவும். பரவக் கூடாதுதான், ஆனால் பரவும். அப்புறம் நிஜமாகவே அவன் காலை உடைத்தாலும் விசில் ஒரு நொடி தயங்கும். நடிப்புக்கு விதிப்படி மஞ்சள் அட்டை உண்டு. பெரிய ஆட்டங்களில் இப்போது வீடியோ நடுவர்களும் இருக்கிறார்கள். 2018 உலகக் கோப்பையில் கோஸ்டாரிகாவுக்கு எதிராக பிரேசிலின் நெய்மார் பின்னால் சாய்ந்து விழுந்தபோது கொடுத்த பெனால்டியை நடுவர் திரையில் பார்த்துவிட்டு ரத்து செய்தார். இதைவிடப் பெரிய இழப்பு ஒன்று இருக்கிறது. உங்கள் மகன் அந்த இடத்தில் விழுந்தபோது பந்து அவன் காலில் இருந்தது, முன்னால் கோல்கீப்பர் மட்டும். ஐந்தாறு அடி ஓடி, அடித்திருக்கலாம். விழுந்ததால் அந்தப் பயிற்சி அவனுக்குக் கிடைக்கவில்லை. தடுமாறியும் ஓடக் கற்றுக்கொள்கிற வயது இதுதான். அஸ்டெகாவில் மாரடோனா அந்தப் பத்து விநாடியில் எத்தனை இடத்தில் விழுந்திருக்கலாம் என்று அவனோடு சேர்ந்து எண்ணிப் பாருங்கள்.

இனி நீங்கள் செய்ய வேண்டியது. உட்கார வைத்துப் பிரசங்கம் செய்யாதீர்கள். முதலில் உங்கள் பங்கைச் சொல்லிவிடுங்கள்: "டேய், நீ தானா விழுந்தது எனக்கு அங்கேயே தெரிஞ்சுது. ஆனாலும் குதிச்சேன். அது என் தப்பு." அப்பா தன் தப்பை ஒப்புக்கொண்டால் பையனுக்குத் தன்னுடையதை ஒப்புக்கொள்ள வெட்கம் குறையும். கோல்களைச் சேர்ந்து பாருங்கள். அந்த டிஃபெண்டர் பையனைப் பற்றி ஒரே ஒரு கேள்வி கேளுங்கள், அவன் அன்று வீட்டுக்குப் போய் என்ன சொல்லியிருப்பான் என்று. பதிலை நீங்கள் சொல்லிக்கொடுக்க வேண்டாம். அவன் பேசாமல் இருந்தாலும் விட்டுவிடுங்கள்.

கோச்சிடம் தனியாகப் போய்ப் பேசுங்கள், மற்ற பெற்றோர் முன்னால் வேண்டாம். பெரும்பாலான கோச்சுகள் கெட்டவர்கள் இல்லை, ஜெயித்த சூட்டில் வாயில் வந்ததைச் சொல்லிவிடுவார்கள். "நீங்க சொன்னதை அவன் வேதவாக்கா எடுத்துக்கிறான் சார்" என்று சொல்லிப் பாருங்கள். அவர் சிரித்து மழுப்பினால், அந்த அணியில் அவன் இன்னும் எத்தனை வருடம் இருக்க வேண்டும் என்பதை நீங்கள் யோசிக்க வேண்டியிருக்கும்.

அந்த அரையிறுதியின் முடிவை இனி மாற்ற முடியாது. ஆனால் அந்த டிஃபெண்டர் பையனின் அணியோடு உங்கள் மகன் மறுபடி ஆடுகிற நாள் வரும், ஒரே வயதுப் பிள்ளைகளின் போட்டிகளில் எதிரெதிரே வராமல் இருக்க மாட்டார்கள். ஆட்டத்துக்கு முன்னால் கை குலுக்க வரிசையாக நிற்பார்கள். அங்கே உங்கள் மகன் அவனிடம் "அன்னைக்கு நீ என்னைத் தொடல, எனக்குத் தெரியும்" என்று சொன்னால் போதும். மன்னிப்பு என்ற வார்த்தைகூட வேண்டாம். செய்யாத தப்பைச் செய்யவில்லை என்று செய்தவன் வாயாலேயே கேட்பது அந்தப் பையனுக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்று, என் முன்னால் வந்து நின்ற அந்த ஒல்லிப் பையனை வைத்துச் சொல்கிறேன். சொல்லியே ஆக வேண்டும் என்று அவனை வற்புறுத்தாதீர்கள். இப்படிச் செய்யலாம் என்று மட்டும் சொல்லிவையுங்கள். அன்று என்ன நடந்தது என்று எனக்கு ஒரு வரி எழுதுங்கள்.